தடைக்காலத்தில் ஒரே கதையை நாலு முறை பார்ப்பது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையைச் சரிசெய்வார்கள். அதற்கப்புறமும் நாள் மிச்சம் இருக்கும். நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகே போகவில்லை என்றால் ஐஸ் யாருக்கு வேண்டும்? எனக்கும் அந்த இரண்டு மாதம் அரை நாள் வேலைதான். அதனால் நானும், விசைப்படகு ஓட்டும் என் சித்தப்பாவும், தெருப் பையன்கள் சிலரும் சேர்ந்து சில வருடங்களாக ஒரு காரியம் செய்து வருகிறோம். புத்தகத்திலிருந்து வந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்போம். புத்தகம், தியேட்டரில் ஓடிய படம், பிறகு வெளிவந்த நீளமான பதிப்பு, வேறு நாட்டில் எடுத்த ரீமேக் என்று கிடைக்கிற அத்தனையையும் பார்த்து முடிப்போம்.

நாங்களும் பார்க்கணும், எங்கேயிருந்து தொடங்குவது என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"எது நல்லா இருக்கு, புத்தகமா படமா?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். ஆளுக்கொரு பக்கம் நின்றுகொள்வார்கள். எங்களுக்கும் முதல் வருடம் அப்படித்தான் ஆனது. இரண்டாவது வருடம்தான் வழி தெரிந்தது. முழுப் படத்தையும் ஒப்பிடப் பார்க்காதீர்கள். கதையில் ஒரே ஒரு காட்சியை, அல்லது ஒரே ஒரு உறவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது புத்தகத்தில் எத்தனை பக்கம், படத்தில் எத்தனை நிமிடம், யார் பக்கத்தில் நின்று சொல்லப்படுகிறது, ரீமேக்கில் எங்கே போய் நிற்கிறது என்று அதை மட்டும் விடாமல் தொடருங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வந்து சேரும்.

இதற்கு ஒரு சின்ன நோட்டு வேண்டும். செல்போனில் எழுதினால் கை அடுத்த நிமிடமே வேறெங்காவது போய்விடுகிறது. நாற்பது பக்க நோட்டு போதும்.

நம் மொழியில் தொடங்குங்கள்

பழகிப் பார்க்க, கடற்கரைக்காரர்களுக்குச் செம்மீனைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதியது. 1956இல் வந்தது. சுந்தர ராமசாமி தமிழில் தந்திருக்கிறார். ராமு காரியாட் 1965இல் படமாக எடுத்தார். இதில் கறுத்தம்மா, பரீக்குட்டி காதலைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கறுத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சு, பரீக்குட்டியிடம் பணம் வாங்கித் தோணி வாங்குகிறானே, அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு இறக்கியவர்கள் இருக்கும் ஊர் நம்முடையது. அந்தக் கணக்கு நாவலில் எப்படி மெல்ல மெல்லக் கழுத்தை இறுக்குகிறது, படத்தில் பாட்டுக்கும் கடலுக்கும் நடுவே அதற்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பாருங்கள். எங்கள் அப்பத்தா படத்தைப் பாதி பார்த்ததுமே, "அந்தப் பய காசு திரும்பி வராது" என்று சொல்லிவிட்டார்.

சரி, ஒரு புத்தகம் ஒரு படம் என்று பழகியாயிற்று. அடுத்து மூன்று வடிவம் உள்ள கதைக்குப் போகலாம். பூமணியின் வெக்கை நாவல் 1982இல் வந்தது. அதிலிருந்து வெற்றிமாறன் 2019இல் அசுரன் எடுத்தார். அசுரன் 2021இல் தெலுங்கில் நாரப்பா ஆனது. மூன்றும் எளிதாகக் கிடைக்கும். புத்தகத்தை ராமநாதபுரத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் வாங்கினேன். ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம்.

இதில் புத்தகத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். தனுஷ் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தால், பூமணி எழுதிய அய்யாவை உங்களால் பார்க்கவே முடியாது. படத்தின் முகம் அவ்வளவு பலமானது.

நாங்கள் பிடித்துக்கொண்டது, கொலைக்குப் பிறகு அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரியும் பகுதி. நாவல் எடுத்த எடுப்பிலேயே கொலையில் தொடங்கிவிடும். அதற்கப்புறம் வருவது பெரும்பாலும் அந்தத் தலைமறைவு நாட்கள்தான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சுட்டுத் தின்னலாம், எந்தப் பாறை மறைவில் படுக்கலாம் என்று அய்யா மகனுக்குக் காட்டிக்கொண்டே போவார். சோறு பொங்குவதும் பேச்சும் நடையும்தான் கதை. படத்தில் அந்த நாட்கள் சுருங்கிவிடுகின்றன. மகனுக்கு அப்பன் மேல் கோபம், இவன் பயந்தாங்கொள்ளி என்ற எண்ணம். அந்த எண்ணத்தை உடைப்பதற்காக அப்பனின் இளமைக்காலம் ஒரு தனிக் கதையாக விரிகிறது. நாவலில் அய்யாவின் பழைய கதை இவ்வளவு பெரிதாக வராது. ஏன் இப்படி மாற்றினார் என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். "புத்தகத்துல கோபம் ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம் இருக்கு. படத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல கோபம் வந்து உட்கார்ந்துருச்சு. ரெண்டரை மணி நேரம் உட்கார வைக்க அது வேணும்ல" என்றான் ஒரு பையன். இவ்வளவு தெளிவாக நான் யோசிக்கவில்லை.

ஓடும் நேரத்தைச் சரியாகப் படியுங்கள்

நீளமான பதிப்புகளுக்குப் போகும் முன் நேரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இல்லாத வெட்டைத் தேடி அலைவீர்கள்.

துபாயில் இருந்து என் மாமா லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முதல் பாகத்தின் டிவிடி கொண்டு வந்தார். 2001இல் தியேட்டரில் வந்த பதிப்பு 178 நிமிடம் என்று எனக்குத் தெரியும். இந்த டிவிடி 171 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஏழு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு, எந்தக் காட்சி போனது என்று இரண்டு நாள் தேடினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. காரணம் இதுதான்: சினிமா ஒரு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் ஓடும். பால் (PAL) என்ற டிவி முறைக்குப் போட்ட டிவிடியில் 25 பிரேம் ஓடும். அதனால் முழுப் படமும் நூற்றுக்கு நாலு பங்கு சீக்கிரம் முடிந்துவிடும். குரல்கூடக் கொஞ்சம் மேலேறி இருக்கும், உற்றுக் கேட்டால் தெரியும். தியேட்டர் நேரத்தை 0.96ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை உங்கள் கையில் இருக்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் வெட்டு எதுவும் இல்லை என்று நம்பலாம்.

நேரம் கூடுவதிலும் இப்படி ஏமாறலாம். அதே படத்தின் நீளமான பதிப்பை 208 நிமிடம் என்றும் போடுவார்கள், 228 என்றும் போடுவார்கள். கூடுதலாக இருக்கும் 20 நிமிடமும் கடைசியில் ஓடும் ரசிகர் மன்றத்தாரின் பெயர்கள். புதிதாகச் சேர்த்த கதை 30 நிமிடம்தான்.

வேறு சில படங்களில் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், படம் மட்டும் வேறாக இருக்கும். பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலிலிருந்து வந்த பிளேடு ரன்னர் அப்படிப்பட்டது. 1982இல் வந்த பதிப்பில் நாயகனின் குரல் பின்னணியில் கதை சொல்லிக்கொண்டே வரும், முடிவும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். 1992இல் வந்த பதிப்பில் அந்தக் குரலும் இல்லை, அந்த முடிவும் இல்லை. 2007இல் இன்னொன்று வந்தது. இதை ஒப்பிடக் கடிகாரம் உதவாது, காதுதான் வேண்டும்.

நம் தியேட்டரில் பார்ப்பதானால், படம் தொடங்கும் முன் திரையில் வரும் தணிக்கைச் சான்றிதழைக் கவனியுங்கள். ஓடும் நேரம் அதிலேயே இருக்கும். பாப்கார்ன் வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

நீளமான பதிப்பைப் பார்க்கும் முறை

தியேட்டர் பதிப்பை முதலில் பாருங்கள். நீளமானதை அதற்குப் பிறகு. சின்னதைப் பார்க்காதவருக்குப் பெரியதில் எது புதிது என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவில் பத்து நாளாவது விடுங்கள். மறுநாளே பார்த்தால் புதுக் காட்சிகள் மட்டும் பளிச்சென்று தெரியும், அவை மற்றக் காட்சிகளை என்ன செய்கின்றன என்பது தெரியாது.

புதுக் காட்சி வரும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். நாங்கள் மூன்று சொல் வைத்திருக்கிறோம்: சேதி, மூச்சு, சும்மா. சேதி என்றால் அதுவரை தெரியாத ஒன்றைச் சொல்லும் காட்சி. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்றாம் பாகத்தில் சாருமான் என்ற வில்லன் என்ன ஆனான் என்பது தியேட்டர் பதிப்பில் இல்லை, நீளமான பதிப்பில்தான் உண்டு. அது சேதி. மூச்சு என்றால் புதிதாக எதுவும் நடக்காது, ஆனால் ஆட்களோடு கொஞ்ச நேரம் கூட இருப்போம். மூன்றாவதற்கு விளக்கம் தேவையில்லை.

மூச்சு என்பதன் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது தாஸ் போட் பார்த்தபோதுதான். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கதை. லோதர் குந்தர் புக்ஹைம் 1941இல் போர் நிருபராக யு-96 என்ற நீர்மூழ்கியில் போனவர். அந்த அனுபவத்தை வைத்து 1973இல் நாவல் எழுதினார். வுல்ஃப்காங் பீட்டர்சன் 1981இல் படமாக்கினார். தியேட்டரில் ஓடியது 149 நிமிடம். 1997இல் வந்த இயக்குநர் பதிப்பு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். தொலைக்காட்சித் தொடராக வந்தது சுமார் ஐந்து மணி நேரம். ஒரே படப்பிடிப்பு, மூன்று நீளம். ஒப்பிட்டுப் பழக இதைப் போல ஒன்று கிடைப்பது அபூர்வம்.

நாவலை நான் ஆங்கிலத்தில் படித்துச் சித்தப்பாவுக்குக் கதையாகச் சொன்னேன். நாலு ராத்திரி, மொட்டை மாடியில். அப்புறம் சின்னப் படத்தைப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது, குண்டு வெடிக்கிறது, தண்ணீர் உள்ளே பீறிடுகிறது, பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சித்தப்பா எதுவும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து நீளமானதைப் போட்டோம். இதில் கப்பல் வாரக்கணக்கில் எதையும் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரொட்டியில் பூஞ்சை பிடிக்கிறது. ஆட்களுக்குத் தாடி வளர்கிறது. ஒருவன் காதலிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறான், அதை அனுப்ப வழியில்லை. புயல் வருகிறது, போகிறது. பையன்களில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். சித்தப்பா நகரவில்லை. முடிந்ததும் சொன்னார்: "மொதல்ல பார்த்ததுல சண்டை இருந்துச்சு. இதுலதான்டா கடல் இருக்கு."

அவர் பிடித்துக்கொண்ட காட்சி எது தெரியுமா? கப்பல் 280 மீட்டர் ஆழத்தில் தரையில் உட்கார்ந்துவிடும். மேலே வர முடியாது. ஆட்கள் பம்ப்போடும் பேட்டரியோடும் மணிக்கணக்கில் போராடுவார்கள். சின்னப் பதிப்பில் அது ஓர் ஆபத்து, அடுத்து என்ன என்று பதறுகிறோம். நீளமானதில், அந்த ஆட்களை ஒருவர் ஒருவராகத் தெரிந்த பிறகு, யார் எந்த வேலையைச் செய்கிறார் என்று பார்க்கிறோம். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் படகில் எப்படிப் பேச்சு குறைந்துவிடும் என்று சித்தப்பா அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னார். அதுவரை அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. புக்ஹைமுக்குப் படம் திருப்தி தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புத்தகம் எழுதியவருக்குப் பிடிக்காத படம் கடலுக்குப் போகிறவருக்குப் பிடித்திருக்கிறது. இரண்டையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

வெளிநாட்டு மூலப் படம்

மூல மொழியிலேயே பாருங்கள், சப்டைட்டிலோடு. டப்பிங் குரலில் ஆட்களின் மூச்சு போய்விடுகிறது. ஆனால் சப்டைட்டிலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. லெட் த ரைட் ஒன் இன் என்ற சுவீடன் படம் 2008இல் வந்தது, 2004இல் வந்த நாவலிலிருந்து எடுத்தது, திரைக்கதையும் நாவலாசிரியரே எழுதினார். அமெரிக்காவில் டிவிடி வந்தபோது தியேட்டரில் இருந்த சப்டைட்டிலை மாற்றி, எளிமையாகச் சுருக்கிப் போட்டுவிட்டார்கள். ரசிகர்கள் சண்டை போட்ட பிறகுதான் தியேட்டர் சப்டைட்டிலோடு மறுபடி வந்தது. ஒரே படம், ஒரே நீளம், பேச்சு மட்டும் வேறு. ஒரு வசனம் தட்டையாக இருக்கிறதென்று தோன்றினால், இயக்குநரைக் குறை சொல்லும் முன் வேறொரு சப்டைட்டிலையும் பாருங்கள்.

தலைப்பையும் மூல மொழியில் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். த கேர்ள் வித் த டிராகன் டாட்டூ என்று உலகத்துக்குத் தெரிந்த நாவலுக்கு ஸ்டீக் லார்சன் சுவீடிஷில் வைத்த தலைப்பு ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்.’ அவர் 2004இல் இறந்துபோனார், நாவல் 2005இல் வந்தது. அந்தத் தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கதையே வேறு எடையோடு இருக்கும். 2009 சுவீடன் படம் அந்தத் தலைப்பிலேயே வந்தது. அதற்குத் தொலைக்காட்சிக்காக மூன்று மணி நேரப் பதிப்பும் உண்டு. 2011இல் டேவிட் ஃபின்ச்சர் ஆங்கிலத்தில் எடுத்தார். இந்தியாவில் தணிக்கையில் வெட்டச் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளாததால் இங்கே தியேட்டருக்கு வரவில்லை. இரண்டுமே பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய படம். கூடத்தில் டிவியில் போட்டுவிடாதீர்கள்.

ரீமேக்கா, இன்னொரு படமா

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஃபின்ச்சரின் படம் சுவீடன் படத்தின் ரீமேக்கா, அல்லது அதே புத்தகத்திலிருந்து புதிதாக எடுத்ததா? ஒரு சோதனை இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று முதல் படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இரண்டாவது படத்திலும் அப்படியே இருந்தால், இரண்டாவது முதல் படத்தைப் பார்த்துப் பிறந்தது. நாரப்பாவில் அசுரனின் அந்த விரிந்த இளமைக்காலம், செருப்புக் காட்சி உட்பட, அப்படியே வருகிறது. சந்தேகமே வேண்டாம், அது அசுரனின் பிள்ளை. ஃபின்ச்சரின் படத்திலோ தேடப்படும் பெண் கடைசியில் எங்கே இருக்கிறாள் என்பதே சுவீடன் படத்திலிருந்து வேறு, புத்தகத்திலிருந்தும் வேறு. எங்கே என்று சொல்ல மாட்டேன். அவர் நேராகப் புத்தகத்துக்குப் போய், தன் வழியில் மாற்றியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சோதனை சில இடங்களில் சிக்கலாகும். கெய்கோ ஹிகாஷினோ 2005இல் எழுதிய ஜப்பானிய நாவல் த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ். 2008இல் ஜப்பானிலும் 2012இல் கொரியாவிலும் 2017இல் சீனாவிலும் படமானது. இந்தியில் 2023இல் ஜானே ஜான் என்று வந்தது. நாவலில் போலீஸ்காரர் ஒருவர், அவருக்கு உதவும் இயற்பியல் பேராசிரியர் ஒருவர். கொலையை மறைக்க உதவும் கணக்கு வாத்தியாரோடு கல்லூரியில் படித்தவர் அந்தப் பேராசிரியர். கொரியப் படத்தில் பேராசிரியரே கிடையாது. போலீஸ்காரரே பழைய சிநேகிதர். இந்தியிலும் அப்படித்தான். அப்படியானால் இந்திப் படம் கொரியப் படத்தைப் பார்த்து எடுத்ததா? அவசரப்பட வேண்டாம். இரண்டு மணி நேரப் படத்தில் இரண்டு ஆட்களை ஒருவராக்குவது எந்தத் திரைக்கதைக்காரருக்கும் தோன்றக் கூடியது. ஒரு பொருத்தம் போதாது, மூன்று நாலு கிடைக்கட்டும், அப்புறம் முடிவு செய்யுங்கள். இந்தக் கதையில் பிடித்துக்கொள்ள வேண்டியது, சிநேகிதர்கள் இருவரும் பல வருடம் கழித்துச் சந்திக்கும் காட்சி. சிநேகிதன் போலீஸாகவும் இருந்தால் அந்தச் சந்திப்பில் எது கூடுகிறது, எது கெடுகிறது? எனக்கு நாவலில் இருப்பதுதான் உயர்வாகப் படுகிறது. கடமை எதுவும் இல்லாத ஒருவன் சிநேகிதனைச் சந்தேகிக்க வேண்டியிருப்பது பெரிய வேதனை. என் மச்சான் இதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை: மர்மக் கதை என்றால் புத்தகமோ படமோ, எது முதலில் வருகிறதோ அதுதான் உங்களை ஏமாற்றும். இரண்டாவது உங்களை ஏமாற்ற முடியாது. முதல் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்து வையுங்கள்.

61 நாளுக்குள் அடக்குவது

ஒரு தடைக்காலத்துக்கு இரண்டு கதை போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். முதல் வாரம் புத்தகம், இரண்டாம் வாரத் தொடக்கத்தில் தியேட்டர் பதிப்பு, மூன்றாம் வாரக் கடைசியில் நீளமானது, மாத முடிவில் ரீமேக். ஐந்து மணி நேரத்தை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். தொடராக வந்ததைத் தொடராகவே பாருங்கள், ராத்திரிக்கு ஒரு பகுதி. தீவில் காற்றடித்தால் கரண்ட் போகும், நெட்டும் போகும். அதனால் படத்தை முதல் நாள் ராத்திரியே அந்தந்த ஆப்பில் இறக்கி வைத்துவிடுங்கள். எந்தப் பதிப்பு இறங்கியிருக்கிறது என்று நிமிடத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு பதிப்புக்கும் ஒரே படம் போட்ட அட்டைதான் இருக்கும்.

இந்த வருடம் நாங்கள் எடுத்திருப்பது ஸோலாரிஸ். ஸ்டானிஸ்வாஃப் லெம் 1961இல் போலிஷ் மொழியில் எழுதிய நாவல். ஒரு கிரகம், அதை மூடிக் கிடக்கும் கடலுக்கு உயிர் இருக்கிறது. ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கி 1972இல் எடுத்தது இரண்டே முக்கால் மணி நேரம். ஸ்டீவன் சோடர்பெர்க் 2002இல் எடுத்தது 99 நிமிடம். லெமுக்கு இரண்டிலும் மனக்குறைதான். தன் கதை அந்தக் கடலைப் பற்றியது, காதலைப் பற்றியது இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். எனவே எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரே வரிதான்: கடல் எத்தனை நிமிடம்? புத்தகத்தை நான் சித்தப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கடல் மனிதர்களை யோசித்துப் பார்க்கிறது என்றதும் அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டு, "மேல சொல்லு" என்றார். ஜூன் 14க்குள் மூன்றையும் முடித்தாக வேண்டும். 15ஆம் தேதி அவர் கடலுக்குப் போக டோக்கன் வாங்கப் போய்விடுவார்.